பல்ப்பருக்குப் பின்னால் விழுவது

சேர்வராயன் மலையில் அரபிகா காப்பி பழுப்பது கார்த்திகை தொடங்கித் தை வரை. பகலில் பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்கும் இயந்திரமான பல்ப்பரில் போட்டாக வேண்டும். மூட்டையில் இரவைக் கழித்தால் புளிக்கத் தொடங்கி ருசி கெட்டுவிடும்.

பல்ப்பருக்குள் செப்புத் தகடு போர்த்திய உருளை ஒன்று சுழலும். தகடு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள். எதிரே அசையாத இன்னொரு தகடு. நடுவிலுள்ள சந்தில் பழம் மாட்டினால் தோல் கிழியும். வழுவழுத்த இரண்டு கொட்டையும் பிதுங்கி முன்பக்கம் விழும். தோலை உருளை இழுத்துப் பின்னால் தள்ளிவிடும். சந்து இறுகினால் கொட்டை நசுங்கும். தளர்ந்தால் முழுப் பழமே சக்கையோடு போய்விடும், அதற்குள் காய்த்துளைப்பான் வண்டு இருந்தால் அதுவும் கூடவே.

100 கிலோ பழத்தில் ஏறக்குறைய 40 கிலோ இந்தச் சக்கைதான். கழுவி, காயவைத்து, உமி நீக்கியபின் மிஞ்சும் கொட்டை 16, 17 கிலோ. எடையை மட்டும் பார்த்தால் பல்ப்பரைச் சக்கை தயாரிக்கும் இயந்திரம் என்றே சொல்லலாம்.

சக்கையைத் தண்ணீர் விட்டு வாய்க்காலில் தள்ளுவது பழைய வழக்கம். கெடுதல் தொடங்குவது அங்கேதான். தோலிலுள்ள சர்க்கரை, பெக்டின், டானின், காஃபின் எல்லாம் கரைந்து ஓடைக்குப் போகும். அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் மூச்சுத் திணறும். சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பதும் இந்த மலையில்தான். நனையாத வரை சக்கை எரு. தண்ணீரில் கரைந்தபின் அதுவே சாக்கடை.

எனவே பல்ப்பரின் பின்வாயிலிருந்து சக்கையை நனைக்காமல் அள்ள வேண்டும், கூடையில் சுமந்தாலும் சரி. சாணமும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்து, நிழல்மரச் சருகோடு அடுக்கடுக்காகக் குவித்து, மேலே கூரை போட்டுவிடுவது நல்லது. மார்கழிக்கு முன்னால் இங்கே மழையை நம்ப முடியாது. குவியலின் நடுப்பகுதி 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தச் சூட்டில் வண்டு பிழைக்காது. ஓரத்தில் இருப்பது தப்பிவிடும் என்பதால் அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். அலுப்பான வேலை, பலர் கைவிடுவதும் இதைத்தான்.

சக்கையைப் பச்சையாகச் செடியடியில் கொட்டினால் புளிப்பும் சூடும் வேரைத் தாக்கும், ஈ மொய்க்கும். மூன்று நான்கு மாதம் மக்கியதும் வாடை போய்க் கறுத்து உதிரும். பழத்தோடு காப்பிக்காட்டை விட்டுப்போன சாம்பல்சத்தில் நல்ல பங்கு அதில் இருக்கிறது. கோடை மழை பெய்து மண் ஈரமானதும் செடியைச் சுற்றிக் கொத்திப் போடலாம்.