பலாக்காய்க் காலத்தில் 30 நாட்கள்

சகோதரிகளே, "உடலைச் சுத்தப்படுத்தும் உணவு" என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. மூன்று நாள் பழச்சாறு மட்டும் குடியுங்கள், ஏழு நாள் பட்டினி கிடவுங்கள் என்று ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். நாமாக விரும்பாத பட்டினியை நாள்கணக்கில் அனுபவித்தவர்கள் நாம். நம்மைப் பார்த்து மறுபடியும் பட்டினி கிடவுங்கள் என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்? இந்தக் கேள்வியோடுதான் 2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கெலிஓயாவில் நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரு முயற்சியைத் தொடங்கினோம். பட்டினி இல்லை. வயிறு நிறையச் சாப்பிடுவோம். ஆனால் 30 நாட்களுக்கு அந்தக் காலத்தில் அந்த மண்ணில் விளைவதையே, அதிகம் தீட்டாமல், பொதி செய்யாமல் சாப்பிடுவோம். இதுதான் எங்கள் தீர்மானம். அந்த 30 நாட்களில் நான் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான் எப்படிக் கெலிஓயாவுக்கு வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். என் பெற்றோர் மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு, பல குடும்பங்களைப் போல அவர்களும் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் வளர்ந்தது வன்னி மண்ணில். 2009 இல் கணவரை இழந்து, மகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தேன். முகாமிலிருந்து வெளியே விட்டதும், கெலிஓயாவில் இருந்த பெரியம்மா எங்களைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். கண்டியிலிருந்து கம்பளை போகும் வீதியில், பேராதனையைத் தாண்டினால் வரும் சிறு நகரம் இது. மகாவலி பக்கத்தில் ஓடுகிறது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் வாழும் இடம். ஒரு தையல் இயந்திரத்தோடு என் வாழ்க்கையை இங்கே மறுபடி தொடங்கினேன்.

பாண் எப்படி நம் வீட்டுக்கு வந்தது?

எங்கள் எட்டுப் பேர் வீடுகளிலும் காலையில் பாண், இரவில் கோதுமை மா ரொட்டி, இடையிடையே சீனி போட்ட தேநீர். இது எங்கள் சோம்பலால் வந்த பழக்கமல்ல. 1942 இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தபோது, இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அந்தக் குறையை நிரப்பக் கோதுமை மா பரவலாகக் கொடுக்கப்பட்டது. பிறகு தோட்டங்களில் மா, முகாம்களில் நிவாரண மா என்று அது நம்மை விடாமல் தொடர்ந்தது. ஒரு போர் கொண்டுவந்த மாவை மற்றொரு போர் நம் அடுப்பில் நிலைக்க வைத்தது.

முகாமில் அந்த மா எங்களைக் காப்பாற்றியது. அதை நான் பழிக்கமாட்டேன். ஆனால் கோதுமை நம் நாட்டில் விளையும் பயிரல்ல; கப்பலில் வருவது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது பாண் விலை எப்படி ஏறியது என்பதை மறக்க முடியுமா? அப்போது எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் வயிற்றை நிரப்பியவை வேலியோரத்துப் பலாமரமும் ஈரப்பலா மரமும்தான்.

பலா தற்செயலாகப் பெருகிய மரமல்ல. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வீ. டயஸ் என்பவர் 1915 கலவரத்தின்போது சிறையிலிடப்பட்டவர். உணவுத் தட்டுப்பாடு வந்தால் மக்களைக் காக்கும் மரம் பலாதான் என்று நம்பி, நாடு முழுவதும் பத்து இலட்சம் பலாக்கன்றுகள் நடவேண்டுமென்று இயக்கம் நடத்தினார். சிங்கள மக்கள் அவரை இன்றும் 'கொஸ் மாமா' என்கிறார்கள். பலாக்காய் மாமா என்று பொருள்.

முதலில் கிளினிக், பிறகு அடுப்பு

எங்களில் ஒருவர் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். இன்னொருவர் பிள்ளைக்குப் பால் கொடுப்பவர். ஆகவே தொடங்குமுன் எல்லோரும் கிளினிக்குக்குப் போய்க் கேட்டோம். அங்கே சொன்ன முதல் விடயம், உடலைச் சுத்தப்படுத்தும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் இரவுபகலாகச் செய்துகொண்டே இருக்கின்றன. எந்தச் சாறும் அதைச் செய்யாது என்பதுதான். நல்ல உணவு அந்த உறுப்புகளின் சுமையைக் குறைக்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது, மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக்கூடாது. நீரிழிவு மாத்திரையை எடுத்துக்கொண்டு உணவைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அந்த அக்காவை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் சாப்பிடும்படியும், அடிக்கடி இரத்தம் சோதிக்கும்படியும் சொன்னார்கள். பலாப்பழமும் கருப்பட்டியும் இயற்கையானவை என்றாலும் அவருக்கு அவை சீனிதான். அவர் பலாக்காயை அளவாகச் சாப்பிட்டார், பழத்தை விட்டுவிட்டார்.

கஞ்சிக் கோப்பை

எங்கள் காலை உணவு இலைக்கஞ்சி. சிங்களத்தில் 'கொல கெந்த' என்பார்கள். இதைச் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. எந்த இலையை எந்த நாளில் போடவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதல் நாள் காலை கஞ்சியைக் கையில் வாங்கினேன். ஆவி முகத்தில் பட்டதும் என்னால் வாயருகே கொண்டுபோக முடியவில்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியின் மணம் அது. அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. அந்த வரிசைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கோப்பையை வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன்.

பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கஞ்சியில் தேங்காய்ப் பால் கூடுதலாக விட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை என் உள்ளங்கையில் வைத்து, தானும் ஒரு கோப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மிடறு குடித்தேன். அடுத்த நாள் நான்கு. ஒரு நாள் அந்தச் சிங்கள அக்காவும் எங்களோடு உட்கார்ந்தார். தன் மகன் இராணுவத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்றும், அவனுக்கு வல்லாரைக் கஞ்சிதான் பிடிக்கும் என்றும் சொன்னார். நானும் என் கதையைச் சொன்னேன். மூவரும் கஞ்சி ஆறும்வரை பேசாமலிருந்தோம். பத்தாம் நாள் ஒரு கோப்பையை முழுதாகக் குடித்துவிட்டேன். நான் எதையும் மறக்கவில்லை. ஆனால் கஞ்சி என்றால் அந்த ஒரு கஞ்சி மட்டுமல்ல என்று என் உடம்புக்குப் புரிந்தது.

நான் கற்ற பாடங்கள்

1. நீக்குவதற்கு முன் சேர்க்கவேண்டும். முதல் வாரம் நாங்கள் எதையும் நிறுத்தவில்லை. இலைக்கஞ்சியும் ஒரு இலைச்சுண்டலும் சேர்த்தோம். இரண்டாம் வாரம் பாணுக்குப் பதில் பலாக்காய் அவியலும் தேங்காய்ப்பூவும், குரக்கன் பிட்டும் வந்தன. மூன்றாம் வாரம் சீனி குறைந்தது. திடீரென்று நார்ப்பொருளைக் கூட்டினால் வயிறு ஊதும். மெதுவாகக் கூட்டித் தண்ணீரும் நன்றாகக் குடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

2. பட்டினி கிடந்தவர்களுக்கு வெறும் பாத்திரம் பயம் தரும். எங்களில் சிலர் வீட்டில் அரிசி குறைந்தாலே தூக்கமில்லாமல் தவிப்பார்கள். அதனால் 'இது கூடாது, அது கூடாது' என்ற பட்டியலை நாங்கள் சுவரில் ஒட்டவில்லை. இன்று என்ன இருக்கிறது என்பதையே எழுதி ஒட்டினோம். வேலியில் முருங்கை, தோட்டத்தில் பொன்னாங்காணி, கூரையடியில் இரண்டு பலாக்காய் என்று வாசிக்கும்போதே மனதுக்குத் தெம்பு வந்தது.

3. தேநீரை நிறுத்தவேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், இலைகளிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. இலைச்சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். இரத்தசோகையுள்ள பெண்களுக்கு இது காசில்லாத உதவி. ஆனால் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கு இது மாற்றல்ல.

4. தீட்டாத தானியத்துக்குப் பலம் உண்டு. சிவப்பரிசியின் தவிட்டில் நார்ப்பொருளும் பி வகை விற்றமின்களும் இருக்கின்றன. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் அவையும் போய்விடும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பால்மா வாங்க முடியாத வீடுகள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

5. தனியாகச் செய்யமுடியாததைச் சேர்ந்து செய்யலாம். குரக்கனை முஸ்லிம் சகோதரி ஒருவர் தன் வீட்டு அரைக்கும் இயந்திரத்தில் எல்லோருக்கும் அரைத்துத் தந்தார். பலாக்காய் வெட்டுவது பெரிய வேலை. கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கொட்டைகளை மணலில் புதைத்து மழைக்காலத்துக்கு வைத்தோம்.

இலைக்கஞ்சி செய்யும் முறை

நான்கு பேருக்கு: சிவப்புப் பச்சையரிசி ஒரு கைப்பிடி; வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி, சாத்தாவாரி இவற்றில் கிடைத்த இலை இரண்டு கைப்பிடி; தேங்காய்ப் பால் ஒரு கோப்பை; உள்ளி இரண்டு பல்; உப்பு அளவாக. இலைகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல தடவை கழுவுங்கள். அரிசியையும் உள்ளியையும் குழைய வேகவிடுங்கள். இலையைச் சிறிது தண்ணீர் விட்டு அரைத்து வடித்த சாற்றைத் தேங்காய்ப் பாலோடு கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். அதிகம் கொதித்தால் பச்சை நிறம் மாறும், மணமும் போகும்.

கவனிக்கவேண்டியவை

சிறுநீரக நோயாளர் இலைக்கஞ்சி, பலாக்கொட்டை முதலியவற்றை வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம். தமரத்தங்காய் அவர்களுக்கு அறவே ஆகாது. வவுனியா மாவட்டத்திலும் இந்நோய் உள்ள கிராமங்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும் இலைவகையைத் திடீரென்று கூட்டக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவைக் குறைக்கவே கூடாது. திரிபோஷ கிடைப்பவர்கள் அதை நிறுத்தாதீர்கள்.

30 நாட்களுக்குப் பிறகு

பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மலச்சிக்கல் தீர்ந்தது. பிற்பகலில் தையல் இயந்திரத்தின் மேல் கண் சொருகும் களைப்புக் குறைந்தது. என் காலிலுள்ள செல் துண்டு அங்கேயே இருக்கிறது. குளிர் நாட்களில் வலிக்கத்தான் செய்கிறது. உணவு எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நமக்கு எது உணவு என்பதை நாமே தீர்மானிக்கும்போது ஒரு நிமிர்வு வருகிறது. பல வருடங்கள் மற்றவர்கள் அளந்து தந்ததை வாங்கிச் சாப்பிட்ட கைகளுக்கு அது சிறிய விடயமல்ல.

இதில் வருமானத்துக்கும் வழியுண்டு. கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவகத்தில் பெண்களே இலைக்கஞ்சியும் குரக்கன் பண்டங்களும் செய்து விற்கிறார்கள். வடக்கில் அதே வழியில் 'அம்மாச்சி' உணவகங்கள் நடக்கின்றன. எங்கள் எட்டுப் பேரில் இருவர் இப்போது காலையில் இலைக்கஞ்சி விற்கிறார்கள்.

உங்கள் ஊரில் பலா இல்லாமலிருக்கலாம். தை, மாசியில் பனங்கிழங்கு வரும்; ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். ஒடியல் மா கையிலிருந்தால் கூழ் இருக்கிறது. முருங்கை இல்லாத வேலி உண்டா? இந்த மாதம் உங்கள் வளவில் என்ன விளைகிறது என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலையும் சேர்த்து வைத்து, நாளைக் காலை என்ன சமைக்கலாம் என்று பேசத் தொடங்குங்கள்.