பயணத்தில் சுவைப்போம்: மலாய், பெரனாக்கான் உணவுகளைக் கேட்டு உண்போம், அறிந்து எழுதுவோம்



“விடுமுறையில் மலாக்கா சென்றோம். அங்குப் பலவகை உணவுகளை உண்டோம். அவை மிகவும் சுவையாக இருந்தன.” பள்ளி திறந்த முதல் வாரத்தில் இந்த மூன்று வரிகளைத் திருத்தாத ஆசிரியர் இருக்க மாட்டார். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மலாக்கா என்ற சொல்லை எடுத்துவிட்டு ஈப்போ என்று போட்டாலும் கட்டுரை மாறப்போவதில்லை. அப்படியென்றால் அந்த மாணவர் மலாக்காவில் எதைத்தான் சாப்பிட்டார்?

சுவையைச் சொல்லச் சொற்கள் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் மொழிக்குறை இல்லைங்க. சாப்பிட்ட பொருளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சமைப்பதையும் பெரனாக்கான் குடும்பம் சமைப்பதையும் நாம் பல வருஷமாச் சாப்பிடுகிறோம். பெயர் தெரியும், கதை தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் குறையைக் கொஞ்சம் போக்கும்.

நான்கு கேள்விகள்

எந்த ஊரில் எந்த உணவைச் சுவைத்தாலும் இந்த நான்கையும் கேளுங்கள்.

1. இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?
2. இதை எப்படிச் செய்கிறார்கள்?
3. இது எந்த ஊர், எந்த மக்களின் உணவு?
4. இதை எப்போது, எப்படி உண்கிறார்கள்?

இனி, இந்தக் கேள்விகளோடு சில தட்டுகளைப் பார்ப்போம்.

மலாய்ச் சமையல்: அரைத்த விழுதும் தேங்காய்ப்பாலும்

நாசி லெமாக் எல்லாருக்கும் தெரியும். ‘லெமாக்’ என்றால் கொழுப்பு. இங்கே தேங்காய்ப்பாலின் செழுமை என்று பொருள். தேங்காய்ப்பாலில், பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு. பக்கத்தில் சம்பால், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை. மலேசியர்கள் காலையில் பசியாறும் பழக்கத்தை, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றையும் சேர்த்து, 2024இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020இலேயே அதே பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

மலாய்ச் சமையலின் அடிப்படை ‘ரெம்பா’. மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, லெங்குவாஸ், மஞ்சள், செராய் போன்றவற்றைப் பச்சையாகவே அரைத்த விழுது அது. லெங்குவாஸ் என்பது இஞ்சி இனத்தைச் சேர்ந்த அரத்தை. செராய் என்பது எலுமிச்சைப்புல். இந்த விழுதை எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. நம்ம வீட்டிலும் “எண்ணெய் மிதந்து வரணும்”னு அம்மா சொல்வாங்களே, அதே கணக்குத்தான்.

ரெண்டாங் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமிருந்து வந்த உணவு. அவர்கள் குடியேறிய நெகிரி செம்பிலானில் அதற்குத் தனி இடம் உண்டு. இறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் விழுதிலும் பல மணி நேரம் சிறு தீயில் வைப்பார்கள். பால் வற்றி, எண்ணெய் பிரிந்து, கடைசியில் அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபடும். நீர் வற்றிவிடுவதால் சீக்கிரம் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்துக் கெட்டிக்காரத்தனம் இது.

கிளந்தான் பக்கம் போனால் நாசி கெராபு கேளுங்கள். நீல நிறச் சோறு. சாயம் இல்லை, சங்குப்பூவின் நிறம். நறுக்கிய பச்சிலைகள், வறுத்து இடித்த தேங்காய், ‘பூடு’ என்னும் நெத்திலிச் சாறு எல்லாவற்றையும் சோற்றோடு பிசைந்து உண்பார்கள். மலாக்காவிலும் ஜொகூரிலும் அசாம் பெடாஸ் பெயர் பெற்றது. ‘அசாம்’ புளிப்பு, ‘பெடாஸ்’ காரம். பெயரைக் கேட்டால் நம் மீன் குழம்பு நினைவுக்கு வரும். ஆனால் கெசும் இலையும், பூங்கா காந்தான் என்ற இளஞ்சிவப்பு மொட்டும் தரும் மணம் நம் குழம்பில் இராது. ஒப்பிடுங்கள், ஒன்றாக்கிவிடாதீர்கள்.

பெரனாக்கான்: இரண்டு வீட்டுச் சமையல் ஒரே அடுப்பில்

‘அனாக்’ என்றால் பிள்ளை. அதிலிருந்து பிறந்த ‘பெரனாக்கான்’ என்ற சொல், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மண்ணில் பிறந்த வழித்தோன்றல்களைக் குறிக்கும். வணிகம் செய்ய வந்த சீனர்கள் இங்குள்ள பெண்களை மணந்து உருவான சமூகமே பாபா நோன்யா. ஆண் பாபா, பெண் நோன்யா. சமையல் நோன்யாவின் கையில் இருந்ததால் ‘நோன்யா உணவு’ என்ற பெயர் நிலைத்தது.

ஆயாம் பொங்தே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோழி, உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த சோயா விழுதான தௌச்சோ, குலா மலாக்கா. சோயா விழுது சீனர் கொண்டுவந்தது. குலா மலாக்கா, தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுக்கும் இவ்வட்டாரத்து வெல்லம். இரண்டும் ஒரே சட்டியில் கொதிக்கும்போது உப்பும் இனிப்பும் கலந்த குழம்பு கிடைக்கிறது.

ஆயாம் புவா கெலுவாக் இன்னும் வியப்பானது. கெலுவாக் என்பது கெப்பாயாங் மரத்தின் கொட்டை. பச்சைக் கொட்டையில் சயனைடு நஞ்சு இருக்கிறது. கொட்டைகளை வேகவைத்து, சாம்பல், வாழையிலை, மண் இவற்றில் ஏறக்குறைய 40 நாள் புதைத்து வைப்பார்கள். வெள்ளையாக இருந்த பருப்பு கறுத்து, நஞ்சு நீங்கும். பிறகு வீட்டிலும் பல நாள் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, வாயைத் திறந்து பருப்பைத் தோண்டி எடுத்து, மசாலாவோடு பிசைந்து மறுபடி கொட்டைக்குள்ளேயே அடைத்து, கோழியோடு புளிக்குழம்பில் வேகவைப்பார்கள். சிறு கரண்டியால் சுரண்டிச் சாப்பிட வேண்டும். காதல் பித்துப் பிடித்தவரை ‘மாபுக் கெப்பாயாங்’ என்று மலாய்மொழியில் சொல்வதும் இந்தக் கொட்டையின் மயக்கத்தை வைத்துத்தான்.

இப்படி நாள்கணக்கில் உழைப்பு கேட்கும் உணவைக் கடையில் ‘விலை அதிகம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் எப்படி? கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு அந்த விலையின் காரணம் புரியும்.

லக்சாவில் கவனம் தேவை. ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு உணவு. பினாங்கு அசாம் லக்சா மீன் சாற்றில் செய்வது. புளி, புதினா, அன்னாசி, மேலே கறுத்த இறால் விழுது. அதில் தேங்காய்ப்பால் இல்லை. மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்து நோன்யா லக்சா தேங்காய்ப்பாலில் செய்வது. சிங்கப்பூரின் காத்தோங் லக்சாவில் நூடல்ஸைச் சிறிதாக வெட்டிவிடுவதால் கரண்டி ஒன்றே போதும். “லக்சா சாப்பிட்டேன்” என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

நம் சொற்கள் அந்தத் தட்டிலும் உண்டு

மலாய்மொழியின் ‘காரி’ நம் கறி. ‘அப்பாம்’ நம் அப்பம். ‘கஞ்சி’ கஞ்சியேதான். ‘புத்து’ நம் புட்டு. இவை விற்கும் ‘கெடாய்’ கூட நம் கடைதான். புத்து மாயாம் என்று வாங்கித் தின்பது இடியாப்பம்.

சொற்களோடு மக்களும் கலந்திருக்கிறார்கள். மலாக்கா சுல்தானியக் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இங்கேயே மணம் முடித்துக் குடியமர்ந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். இவர்களும் பெரனாக்கான்தான். வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது சைவ முறைப்படி. மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி இருக்கிறது. 1781இல் டச்சுக்காரர் ஆட்சியில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இச்சமூகத்தினருடையது.

போகியன்று இவர்கள் முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்கு ‘பார்ச்சு’ என்று பெயர். பழங்கள் பழுக்கும் பருவத்தில் இன்னொரு பார்ச்சு உண்டு. வாழையிலையில் படைக்கும் முறை நமக்குப் பழக்கமானது; இலையில் இருப்பதோ பெலாச்சான் மணக்கும் மலாய்ப் பக்குவம். “தமிழ் பேசாதவர்கள் எப்படித் தமிழ் மரபினர்?” என்று வகுப்பில் யாராவது கேட்டால், அந்த இலையைக் காட்டி விளக்கலாம். இது சிறிய சமூகம். மலாக்கா சென்றுவந்த நம் மாணவர் கட்டுரையிலேயே இவர்கள் பெயர் வராவிட்டால், வேறு யார் எழுதுவார்கள்?

கேட்டுச் சாப்பிடுங்கள்

இது மதிப்பெண்ணைவிட முக்கியம்.

- சைவ உணவு உண்பவர்கள் சம்பாலைக் கேட்காமல் தொடாதீர்கள். இறாலை உப்பிட்டுக் காயவைத்து இடித்துப் புளிக்கவைத்த பெலாச்சான் பெரும்பாலும் அதில் இருக்கும். காய்கறிப் பிரட்டலிலும் இருக்கலாம். “அடா பெலாச்சான்?” என்று கேட்டால் போதும்.
- உணவுப் பட்டியலில் வெறும் ‘டாகிங்’ என்றிருந்தால் வழக்கமாக அது மாட்டிறைச்சி. ‘ஆயாம்’ கோழி, ‘இக்கான்’ மீன்.
- முஸ்லிம் நண்பர்களோடு சென்றால் கடையின் ஹலால் சான்றிதழைப் பாருங்கள். மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் வழங்குவது. சீனப் பெரனாக்கான் சமையலில் பன்றி இறைச்சிக்கு இடம் உண்டு. எல்லாக் கடையும் ஒன்றல்ல.
- கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விழுதில் அரைத்தது கண்ணுக்குத் தெரியாது.
- மலாய் வீட்டு விருந்தில் வலக்கையால் உண்ணுங்கள். வேண்டாமென்றால் மூக்கைச் சுளிக்காமல், புன்னகையோடு சொல்லுங்கள். மணம் பிடிக்காதது நம் பழக்கக் குறை. உணவின் குறை அல்ல.

எழுதும்போது

அறுசுவை நினைவிருக்கட்டும்: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு. உவர்ப்பு உப்பின் சுவை. துவர்ப்பு வாழைப்பூவின் சுவை. இரண்டையும் மாற்றிவிடுகிறவர்கள் அதிகம். மூக்குக்கு எட்டுவது மணம். நெஞ்சில் இருப்பது மனம். இந்த ஓர் எழுத்தில் மதிப்பெண் போகிறது.

இரட்டைக்கிளவி இங்கே நன்கு கைகொடுக்கும்: கமகம, மொறுமொறு, வழவழ, பிசுபிசு, தளதள. பொருத்தமான இடத்தில் ஒன்று போதும், அடுக்காதீர்கள்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த மூன்று வரிகளைத் திருத்துவோம்.

“மலாக்காவில் ஒண்டே ஒண்டே வாங்கினோம். பாண்டான் சாறு கலந்து பிசைந்த பசையரிசி மாவு உருண்டைகளை வேகவைத்து, தேங்காய்த் துருவலில் புரட்டியிருந்தார்கள். உருண்டையைப் பாதியாகக் கடிக்காமல் முழுதாக வாயில் போடும்படி கடைக்காரம்மா சொன்னார். கடித்ததும் உள்ளே உருகியிருந்த குலா மலாக்கா வாய் முழுதும் பரவியது. துருவலில் இருந்த லேசான உப்பு அந்த இனிப்பைத் தூக்கிக் காட்டியது.”

‘சுவையாக இருந்தது’ என்ற தொடரே இதில் வரவில்லை, கவனித்தீர்களா? நான்கு கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் அந்த வேலையைச் செய்துவிட்டன. கடைக்காரம்மாவின் அறிவுரைகூட நான்காம் கேள்வியின் பதில்தான்.

வாய்மொழித் தேர்வுக்கும் இதே சரக்கு உதவும், நடைதான் மாறும். “பிட்டுக் கடிச்சா பாகு சட்டையில ஊத்திடும்னு அந்த அம்மா சொன்னாங்க” என்று இயல்பாகப் பேசினால் கேட்பவர் மனத்தில் நிற்கும். கட்டுரையில் அதையே எழுத்துத்தமிழில் தர வேண்டும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

வகுப்பறை நடவடிக்கைகள்

1. ஒவ்வொரு மாணவரும் ஒரு மலாய் அல்லது பெரனாக்கான் உணவைத் தேர்ந்தெடுத்து, நான்கு கேள்விகளுக்கும் விடை கேட்டு வரட்டும். விடையைச் சமைப்பவரிடமோ விற்பவரிடமோ கேட்க வேண்டும்; கைப்பேசியில் தேடக்கூடாது.
2. அந்த விடைகளைக் கொண்டு 60 சொற்களில் ஒரு பத்தி எழுதட்டும். ‘சுவை’, ‘அருமை’, ‘பிரமாதம்’ ஆகிய சொற்களுக்குத் தடை.
3. இருவர் இருவராக அமர்ந்து, அந்த உணவை இதுவரை உண்ணாத நண்பருக்குப் பேச்சுத்தமிழில் இரண்டு நிமிடம் விளக்கட்டும். கேட்பவர் ஒரு துணைக்கேள்வியாவது கேட்க வேண்டும்.
4. வாய்ப்பிருந்தால், பள்ளியில் பணிபுரியும் மலாய் ஆசிரியர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவர் வீட்டுப் பெருநாள் சமையலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். மாணவர்கள் மலாயில் கேட்டு, தமிழில் குறிப்பெடுக்கட்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாளிருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாளைக் காலை விற்கும் நாசி லெமாக்கிலிருந்தே தொடங்கலாம்.