வை-பி கார்டு போச்சு என்றார்கள்... போனது பேட்டரி!

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள், கோளாறு ஹார்டுவேரிலா, டிரைவரிலா என்று தாங்களே கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் ஒரு வீடு. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் பல வருடங்களாக பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் அதை வெளியே எடுத்தார்கள். விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்து விடலாம். தெரிந்த பையன் ஒருவர் இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இப்போது ஒரு நிமிடத்திற்குள் திரை வந்து விடுகிறது. ஆனால் வை-பி மட்டும் வரவில்லை.

கடைக்குக் கொண்டு போனார்கள். "வை-பி கார்டு போச்சு. இந்தப் பழைய மாடலுக்குச் செலவு பண்றதுக்கு வேற வாங்கிடலாம்" என்று சொல்லி அனுப்பி விட்டார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து வேறு லேப்டாப் வாங்குவதா, வேண்டாமா என்று அம்மா யோசித்துக் கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த லேப்டாப் என் மேஜைக்கு வந்தது. "சார், இதுல இன்னும் உயிர் இருக்கா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் மூலம் வாங்கிய லட்சக்கணக்கான லேப்டாப்கள் மாணவர்களுக்குக் கிடைத்தன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் இது. பலர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை எட்டாது. எனவேதான் லுபுண்டு, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ், அன்டிஎக்ஸ் போன்ற இலேசான லினக்ஸ்களைப் பலர் தேடி வருகிறார்கள். போட்ட பிறகு ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால், பார்ட்டை மாற்றச் செலவு செய்யும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

டிரைவர் வேறு, பர்ம்வேர் வேறு

லினக்ஸுக்கும் கம்ப்யூட்டரில் உள்ள சிப்புக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போல் இருப்பது டிரைவர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்னும் மையப் பகுதியோடு சேர்ந்தே வந்து விடும். விண்டோஸ் போல் தனியாக சிடி தேட வேண்டியதில்லை.

பர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு புரோகிராம். எச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டர் இதற்கு நல்ல உதாரணம். அதை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் அதற்குள் பர்ம்வேரை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பச்சை விளக்கு எரியும், பேப்பர் வராது. பல வை-பி சிப்புகளும் இதே வகைதான்.

இந்த பர்ம்வேர் பைல்களில் பல, ஓப்பன் சோர்ஸ் அல்ல. அதனால் சில லினக்ஸ்கள் அவற்றைத் தங்களுடன் சேர்ப்பதில்லை. டெபியன்கூட 2022ல் நடந்த ஓட்டெடுப்புக்குப் பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12ல்தான் இவற்றை வழக்கமான இன்ஸ்டாலருடன் சேர்த்தது. உங்கள் லினக்ஸ் அதற்கு முந்தையது என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் பர்ம்வேர்தான்.

படி 1: சிப் உயிரோடு இருக்கிறதா?

டெர்மினல் விண்டோவைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்று டைப் செய்யுங்கள். (எல், எஸ், பி, சி, ஐ ஆகிய 5 ஆங்கில எழுத்துகள், சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்.) பிறகு ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதை ஒட்டி 'என்என்கே' என்ற 3 எழுத்துகளும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். மதர் போர்டில் இணைந்துள்ள சிப்புகளின் பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள்.

யு.எஸ்.பி.யில் செருகும் வை-பி என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளை.

சிப்பின் பெயர் பட்டியலில் வந்து விட்டால் கார்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்கிறது. பெயரே வரவில்லை என்றால்தான் கார்டு கழன்றிருக்கலாம், பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம் அல்லது உண்மையிலேயே போயிருக்கலாம்.

வில்லாபுரம் லேப்டாப்பில் பெயர் வந்தது. ஆக, "கார்டு போச்சு" என்பது சரியில்லை என்று முதல் 5 நிமிடத்திலேயே தெரிந்து விட்டது.

படி 2: டிரைவர் வேலை செய்கிறதா?

அதே பட்டியலில் சிப்பின் பெயருக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் டிரைவர் இல்லை அல்லது ஏறவில்லை.

அடுத்து 'சுடோ' என்று டைப் செய்து இடைவெளி விட்டு 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையைக் கொடுத்து, பாஸ்வேர்டு தாருங்கள். டைப் செய்யும்போது பாஸ்வேர்டு திரையில் தெரியாது, பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்து கெர்னல் எழுதிய டைரி இது. பர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால் நோய் என்ன என்று தெரிந்து விடும்.

கூடவே 'ஆர்எப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையையும் கொடுத்துப் பாருங்கள். 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்று வந்தால், லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள வை-பி சுவிட்சோ, பங்ஷன் கீயோ அணைந்திருக்கிறது. பழைய லேப்டாப்களின் முன் விளிம்பில் நகத்தால் தள்ளும் சிறு சுவிட்ச் உண்டு. இதை மறந்து கார்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: போன் மூலம் நெட் கொடுங்கள்

வை-பி வர பர்ம்வேர் வேண்டும், பர்ம்வேர் இறங்க நெட் வேண்டும், நெட் வர வை-பி வேண்டும். இந்தச் சிக்கலை உடைக்க எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்யுங்கள். லினக்ஸ் இதைக் கேபிள் நெட்வொர்க்காக எடுத்துக் கொள்ளும். தனி டிரைவர் தேவையில்லை. டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது.

பிறகு லினக்ஸ் மின்ட் என்றால் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்', லுபுண்டு என்றால் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, அது காட்டும் டிரைவரை இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலான வை-பி வந்து விடும்.

படி 4: கடிகாரத்தைப் பாருங்கள்!

வில்லாபுரம் லேப்டாப்பில் போனை இணைத்தவுடன் நெட் வந்தது. ஆனால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கை. பர்ம்வேரை இறக்கச் சொன்னால், 'இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகும் நாளுக்கு வரவில்லை' என்ற பொருளில் ஒரு மறுப்பு. அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். லேப்டாப்பின் நாட்காட்டி பத்து வருடங்களுக்கும் மேல் பின்னால் நின்றது!

வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. லினக்ஸின் மென்பொருள் கிடங்குப் பட்டியலிலும் தேதி இருக்கும. தேதி பின்னால் போய் விட்டால், இவை எல்லாம் 'இன்னும் பிறக்காதவை' என்று கம்ப்யூட்டர் நினைத்து ஏற்க மறுக்கும்.

கரண்ட் இல்லாதபோதும் தேதியைக் காப்பாற்றுவது மதர் போர்டில் உள்ள சிமோஸ் பேட்டரி; வாட்ச் பேட்டரி போல் வட்டமாக இருக்கும். அதுவும் தீர்ந்து, லேப்டாப்பின் பெரிய பேட்டரியும் செயலிழந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் தேதி பழைய நிலைக்குப் போய் விடும். பல லினக்ஸ்கள் நெட் வந்ததும் தேதியைத் தாமே திருத்திக் கொள்ளும். சில மிக இலேசான லினக்ஸ்களில் அந்த வசதியை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். இந்த லேப்டாப்பில் அது ஆன் ஆகவில்லை.

பேட்டரி தீர்ந்ததால் தேதி தவறியது. தேதி தவறியதால் பர்ம்வேர் இறங்கவில்லை. பர்ம்வேர் இல்லாததால் வை-பி வரவில்லை. கடைசி விளைவை மட்டும் பார்த்தவருக்கு "கார்டு போச்சு" என்று தோன்றியது.

பயாஸில் தேதியைத் திருத்தி (பல லேப்டாப்களில் ஆன் செய்தவுடன் எப்2 அழுத்த வேண்டும்), போன் வழியாக பர்ம்வேரை இறக்கி, ரீஸ்டார்ட் செய்தோம். அக்கம்பக்கத்து வை-பி பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். இது பேட்டரிக் கோளாறு அல்ல. மதர் போர்டில் உள்ள நேரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும் எடுத்துக் கொள்வதால் வரும் வித்தியாசம்.

அடிக்கடி வரும் மற்ற தொல்லைகள்

திரை கறுப்பாகி நிற்கிறது: பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் தொல்லை. பூட் மெனுவில் லினக்ஸ் வரியின் மேல் நின்று 'ஈ' கீயை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (என்ஓஎம்ஓடிஇஎஸ்இடி) சேர்த்து, எப்10 அழுத்துங்கள். திரை வந்தால் மானிட்டரும் கேபிளும் நலம். சரியான டிரைவரைப் போட்டால் போதும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், தைரியமாகச் செய்யலாம்.

விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை: விண்டோஸ் 8 முதல் உள்ள 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்து விடுங்கள்.

திடீரென்று அணைந்து போகிறது: சித்திரை வெயிலில், மத்தியான வேளையில் மட்டும் அணைந்தால் டிரைவரைத் திட்டாதீர்கள். பேனில் தூசி அடைத்து சிபியு சூடாகிறது. பேனைச் சுத்தம் செய்து, காய்ந்து போன பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யவே கூடாது.

அடிக்கடி உறைந்து நிற்கிறது: பூட் மெனுவில் 'மெம்டெஸ்ட்' இருந்தால் இரவில் ஓட விடுங்கள். சிவப்பில் பிழை வந்தால் ராம் கோளாறு. மின் இணைப்பையும் பேட்டரியையும் எடுத்த பிறகு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

பைல் திறக்க நேரமாகிறது, ஹார்ட் டிஸ்கில் டக் டக் சத்தம்: இதில் மட்டும் தாமதம் வேண்டாம். எந்த டிரைவரும் இதைச் சரி செய்யாது. முதலில் போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறு டிரைவில் காப்பி செய்யுங்கள். பிறகு 'டிஸ்க்ஸ்' புரோகிராமில் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 'பென்டிங் செக்டர்' எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் விடை பெறுகிறது என்று அர்த்தம்.

வாங்கும் முன் சிப்பின் பெயரைக் கேளுங்கள்

யு.எஸ்.பி. வை-பி வாங்குபவர்கள் பெட்டியின் மேல் உள்ள மாடலை மட்டும் பார்ப்பது தவறு. ஒரே மாடலில் வெர்ஷன் மாறினால் உள்ளே சிப்பும் மாறலாம். உதாரணமாக, ரியல்டெக் 8821சியு, 8822பியு சிப்புகளுக்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. உங்கள் கெர்னல் அதற்கு முந்தையது என்றால் அந்த சிப் செருகியவுடன் வேலை செய்யாது. 'யுநேம்' என்று டைப் செய்து இடைவெளி விட்டு, மைனஸ் குறியை ஒட்டி 'ஆர்' எழுத்தைக் கொடுத்தால் கெர்னல் எண் வரும். பிரிண்டரிலும் இதே எச்சரிக்கை. எச்.பி. பிரிண்டர்களில் மிகப் பலவற்றுக்கு 'எச்பிலிப்' தொகுப்பு போதும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் கேனான் எல்பிபி 2900 போன்றவை லினக்ஸில் சற்றுப் பாடுபடுத்தும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சோதனை உண்டு. வேறு ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'லைவ்' முறையில் பூட் செய்யுங்கள். அதில் வேலை செய்தால் ஹார்டுவேர் நலம். 2, 3 லினக்ஸ்களிலும் வேலை செய்யாவிட்டால் மட்டுமே பார்ட் மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

வில்லாபுரத்துத் தம்பியின் லேப்டாப்புக்குப் புது சிமோஸ் பேட்டரி போட்டாயிற்று. அதன் விலை ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. பெரிய பேட்டரி இல்லாததால் பிளக்கில் செருகித்தான் ஓட்ட வேண்டும். அதற்கு அவர் பழகி விட்டார். அக்காவின் பெயர் எழுதிய ஸ்டிக்கர் இன்னும் மூடியின் மேல் இருக்கிறது. அம்மாவின் பணம் சீட்டிலேயே இருக்கிறது.