சைதாப்பேட்டை வயலுக்கு நடந்தது நம்ம வயலுக்கும் நடக்கணுமா?

கோவை வேளாண் பல்கலைக்கழகம் எங்கே பிறந்தது என்று கேட்டால் கோவையில்தான் என்று பட்டென்று சொல்லிவிடுவோம். இல்லைங்க. 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் அதற்கு மூலவிதை. அங்கே அரசு மாதிரிப் பண்ணை இருந்தது. இங்கிலாந்திலிருந்து கருவிகளை இறக்கி, தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவனுக்கு உழவு சொல்லிக்கொடுக்கப் பார்த்த பண்ணை. (அந்தப் பாடம் நம்மை எங்கே கொண்டுவந்து விட்டது என்பது தனிக்கதை.) 1906-ல் பள்ளி கோவைக்குப் போய்விட்டது. சைதாப்பேட்டையில் இன்றைக்கு ஒரு சென்ட் நஞ்சை தேடினாலும் கிடைக்காது.

அப்போது சைதாப்பேட்டை சென்னைக்குள்ளேயே இல்லை. செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ஜில்லா கலெக்டர் கச்சேரியே வெகுகாலம் அங்கேதான் இருந்தது. ஒருபக்கம் அடையாறு. இன்னொரு பக்கம் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்த பெரிய ஏரி. 1920-களில் வீடு கட்ட இடம் வேண்டுமென்று அந்த ஏரியைத் தூர்த்தார்கள். அதுதான் இன்றைய தியாகராய நகர். ஏரி போனால் ஆயக்கட்டு எப்படி நிற்கும்? 1946-ல் சைதாப்பேட்டையும் சென்னை மாநகராட்சிக்குள் போனது.

பழங்கதை பேசுவதற்காக இதை எழுதவில்லை. மதுராந்தகம் பக்கமும், திருவள்ளூர் பக்கமும், அரக்கோணம் பக்கமும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்றைய சேதி.

சென்னைப் பெருநகர்ப் பகுதி என்று அரசு வரைபடத்தில் இருந்தது 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 2018-ல் அறிவித்தது 8,878 சதுர கிலோமீட்டர். அதைக் குறைத்துத்தான் இது. மீஞ்சூர், திருவள்ளூர், திருமழிசை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகியவற்றைப் புதுநகரங்களாக வளர்க்கத் திட்டம் போடுகிறார்கள். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுவட்டச் சாலை வேறு. சாலைக் கல் நட்ட மறுவாரமே பக்கத்து வயலில் கலர் கொடி பறக்கும். நமக்குத் தெரியாததா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெருநகர்ப் பகுதிக்குள் வருவதும் மாநகராட்சிக்குள் வருவதும் வேறுவேறு. 2011-ல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சிகளைச் சேர்த்து சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. அந்த 25 ஊரிலும் ஊராட்சி போயிற்று, கிராமசபை போயிற்று, நூறு நாள் வேலையும் போயிற்று. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்க ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது ஊர் ஊராக ஜனங்கள் எதிர்த்தது இதனால்தான். பெருநகர்ப் பகுதி அப்படியில்லை. அதற்குள் வந்தாலும் உங்கள் ஊராட்சி இருக்கும், தலைவர் இருப்பார், கிராமசபையும் கூடும். ஆனால் எந்த சர்வே நம்பர் விவசாய நிலம், எது குடியிருப்பு, எது தொழிற்சாலை என்று கோடு போடும் அதிகாரம் எழும்பூரில் உட்கார்ந்திருக்கும் சி.எம்.டி.ஏ. கைக்குப் போய்விடும். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. தலைவர் அமைச்சர், அரசுச் செயலர்கள் உறுப்பினர்கள். ஊராட்சிகளை நிர்வகிக்கும் ஊரக வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகமோ சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிறது. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். நம்ம வயலைப் பற்றி இவர்கள் இருவரும் எத்தனை தடவை பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி சைதாப்பேட்டை பார்த்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அந்த எண்ணிக்கைதான் எல்லோர் வாயிலும் நிற்கிறது. ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் தண்ணீர்தான் ஆற்றின் தலைமடை. செம்பரம்பாக்கத்து உபரி திருநீர்மலை அருகேதான் வந்து சேர்கிறது. அன்றைக்கு மேலே இருந்த ஏரிகளும் நிரம்பி வழிந்தன. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முதலிலேயே மூழ்கின. சைதாப்பேட்டை கடைமடை. மேலே செய்த தப்புக்கு எல்லாம் கடைமடைக்காரன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மத்திய தணிக்கை அறிக்கை அதை மனிதன் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியது.

அந்த ஆற்றுக்கு யார் பொறுப்பு என்று பாருங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. வரத்துக் கால்வாய் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தார். கால்வாய்க்குக் குறுக்கே போகும் சாலையின் சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறை. அதில் கலக்கும் சாக்கடை ஒரு இடத்தில் நகராட்சி, இன்னொரு இடத்தில் மெட்ரோ வாட்டர். ஏரியை ஒட்டிக் கட்டடத்துக்கு அனுமதி சி.எம்.டி.ஏ. ஒரே தண்ணீர், ஏழு கச்சேரி. மழைக்கு இந்த எல்லையெல்லாம் தெரியுமா?

வெள்ளம் வடிந்த பிறகு நடந்ததும் இதே கதைதான். சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய தாழ்ந்த பகுதி. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கும். ஆற்றுக்கு மேலே இருக்கும் நெல் வயல் வயலாகவே இருந்திருந்தால் வரப்பளவு தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விட்டிருக்கும். இயற்கை வேளாண்மையில் மட்கு சேர்ந்த மண் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். நம்ம வயல் நகரத்துக்குச் செய்யும் இந்த வேலைக்கு எந்தத் துறைக் கணக்கிலும் மதிப்பு கிடையாது. மனையாக விற்றால் மட்டும் மதிப்பு வரும்.

தண்ணீர் விஷயத்திலும் இப்படித்தான். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சினார்கள். விவசாயிகளிடம் விலைக்கும் வாங்கினார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நெல்லைவிடத் தண்ணீர் காசு தந்த வருஷங்கள் உண்டு. ஆனால் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது. காசு செலவழிந்துபோகும், உப்பு மண்ணிலேயே நிற்கும்.

அப்படியானால் பெருநகர அமைப்பே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆதனூரிலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை ஒரே கண்ணால் பார்க்க ஒரு அமைப்பு இல்லாமல் முடியாது. கேள்வி அதில் யார் உட்காருவது என்பதுதான். 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. 243 இசட்-ஈ பிரிவின்படி பெருநகரத் திட்டக் குழு ஒன்று வேண்டும். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், அந்தப் பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது உங்கள் ஊர்த் தலைவருக்கும் அந்த மேசையில் நாற்காலி கேட்க உரிமை உண்டு. சி.எம்.டி.ஏ. அந்தக் குழு அல்ல.

கொல்கத்தாவில் 2001-லேயே இப்படிக் குழு அமைத்தார்கள். அந்த நகரத்தின் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில் நகரத்துச் சாக்கடை நீரைக் கொண்டே மீன் வளர்க்கிறார்கள், நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். 2002-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் பெருநகர மன்றத்தையே மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகரம் இதுவரைதான் என்று எல்லைக் கோடு போட்டு அதற்கு வெளியே விளைநிலத்தைக் காக்கிறார்கள். கனடாவில் டொரண்டோவைச் சுற்றி 2005-ல் பசுமை வளையம் சட்டமானது. 2022-ல் அதிலிருந்து 7,400 ஏக்கரை வீட்டுமனைக்கு விடுவித்தார்கள். உழவர்களும் நகரத்தாரும் சேர்ந்து எதிர்த்தார்கள். அடுத்த வருஷமே அரசு அதைத் திரும்பப் பெற்றது. சட்டம் மட்டும் நிலத்தைக் காக்காது. கண்ணைத் திறந்து வைத்திருக்க ஆள் வேணும்.

நம்ம பக்கம் இப்போது நேரம் இருக்கிறது. 2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்த இருபது வருஷத்துக்கான மூன்றாவது திட்டத்தில்தான் நம்ம வயலின் நிறம் தீர்மானமாகும். இருக்கிற திட்டத்திலேயே விவசாய மண்டலம், நகர்சாராப் பகுதி, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் கொடுத்து வகைமாற்றம் வாங்க முடியும். அதற்கு முன் ஆட்சேபணை கேட்டு நாளிதழில் விளம்பரம் வரும். அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தை நம்மில் யார் படிக்கிறோம்?

முதல் வேலையாக உங்கள் சர்வே நம்பர் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பெருநகர்ப் பகுதிக்குள் இருப்பவர்கள் சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். அடங்கலில் ஒவ்வொரு போகமும் பயிர் பதிவாகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். 'தரிசு' என்று ஐந்து வருஷம் எழுதிவிட்டால் அப்புறம் வாதாட ஒன்றும் இருக்காது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. ஊரின் ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல், ஆயக்கட்டு நிலம் ஆகியவற்றின் சர்வே நம்பரை வரிசையாக எழுதி, இவை விவசாய மண்டலமாகவே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரத்து ஜனங்கள் கிராமசபைத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு வருகிறார்கள். அதை அரசு மதித்ததா என்பது வேறு விஷயம், ஆனால் ஊர் சம்மதித்தது என்று யாரும் எழுத முடியவில்லை.

தீர்மான நகலில் ஒன்றைக் கலெக்டருக்கும், ஒன்றை எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலருக்கும், ஒன்றைச் சைதாப்பேட்டை பனகல் மாளிகைக்கும் ஒப்புதல் அட்டையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வரும் அட்டையை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.