உங்களுக்குத் தெரியுமா? யூதச் சொந்தங்கள் கூடும் நாட்கள்

● அடக்கம் முடிந்து வீடு திரும்பும் யூதக் குடும்பத்தினர், முதல் வேளை உணவாகத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. உறவினரோ அக்கம்பக்கத்தாரோ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதில் அவித்த முட்டையும் பருப்பும் இருக்கும். அடுத்து ஏழு நாள் துக்கம். இதை 'ஷிவா' என்பார்கள். தாழ்வான முக்காலியில் உட்காருவார்கள். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடுவார்கள். வாசல் கதவைத் தாழிட மாட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர் தாமாகப் பேச்செடுக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். என்ன சொல்வதென்று தெரியாததாலேயே வராமல் இருந்துவிடுகிறவர்களுக்கு இதைவிடக் கருணையான ஏற்பாடு கிடையாது.

● தாயையோ தந்தையையோ இழந்தவர் 11 மாதம் நாள்தோறும் 'கடிஷ்' பிரார்த்தனை சொல்ல வேண்டும். அரமேய மொழியில் அமைந்த அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட வராது. முழுக்க இறைவன் புகழ்தான். ஆனால் தனியாளாகச் சொல்ல முடியாது. வயது வந்த பத்துப் பேர் கூடியாக வேண்டும். ஆசாரப் பிரிவினர் ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். மற்றப் பிரிவுகள் பலவற்றில் பெண்களும் கணக்கில் சேர்வார்கள். துக்கப்படுகிறவருக்குத் துணை வேண்டும் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், இத்தனை பேர் என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். இந்த மரபில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

● ஆண்டு நினைவு நாளை எபிரேய நாட்காட்டிப்படி கணக்கிடுவார்கள். நம் வீட்டுத் திதியைப் போலவே ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். அன்று 24 மணி நேரம் எரியும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

● கூடிய சீக்கிரம் அடக்கம் செய்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் வெளிநாட்டுச் சொந்தங்கள் பல நேரம் வந்து சேர முடியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓராண்டுக்குள் கல்லறைக் கல்லின் மேல் போர்த்திய துணியை விலக்கும் சடங்கு நடக்கும். விடுபட்டவர்கள் அதற்கு வந்துவிடுவார்கள். பூவைவிட, கல்லறை மேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம்.

● ஏழு நாள் துக்கத்தின் நடுவே பாஸ்கா போன்ற பெருவிழா வந்தால், துக்கம் அத்தோடு முடிந்தது. மிச்ச நாட்களை ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் பண்டிகையும் இறந்தவர்களை மறப்பதில்லை. பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர், பாஸ்காவின் கடைசி நாள் உட்பட ஆண்டுக்கு நான்கு முறை தொழுகைக் கூடத்தில் அவர்களுக்காகப் பிரார்த்தனை உண்டு.

● கல்யாண ஊர்வலமும் சவ ஊர்வலமும் எதிரெதிரே வந்தால் எது வழிவிட வேண்டும்? சவ ஊர்வலம்தான் என்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். மணப்பெண்ணுக்கு வழிவிட்டு யூத மன்னர் அக்ரிப்பாவே ஒதுங்கி நின்றதாகவும் அதில் இருக்கிறது.

● 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பங்கள் சொந்தக்காரர்களுக்காகவே சங்கம் வைத்து நடத்தின! ஒரே தாத்தா பாட்டி வழி வந்தவர்களும் அவர்களை மணந்தவர்களும் உறுப்பினர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், சந்தா, கூட்டக் குறிப்பு நோட்டு எல்லாம் உண்டு. கஷ்டப்படும் உறவுக்குக் கடன் கொடுத்தார்கள்; ஐரோப்பாவில் சிக்கியவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள்; எல்லோருக்கும் சேர்த்து இடுகாட்டில் நிலம் வாங்கிப் போட்டார்கள். பெரியவர்களின் அதிகாரம் பிடிக்காத இளையவர்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அத்தை மாமா பிள்ளைகளை மட்டும் சேர்த்துத் தனிச் சங்கம் கண்டார்கள். இந்தச் சங்கங்களைப் பற்றி 1939இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழியான இத்திஷில் ஒரு நூலே வந்தது. மானுடவியலாளர் வில்லியம் மிட்செல் 1978இல் தம் ஆய்வை நூலாக்கினார். குடும்பப் பாசத்துக்குக் கணக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். மாதா மாதம் கூடியாக வேண்டும் என்ற கட்டாயம்தான், ஊர் விட்டு ஊர் வந்தவர்களைச் சிதறாமல் காத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

● பாரி லெவின்சன் இயக்கிய 'அவலான்' (1990) படத்தில் பால்டிமோர் யூதக் குடும்பம் இப்படித்தான் கூடிப் பேசும். சகோதரர்களில் ஒருவர் வருவதற்குள் விருந்தில் வான்கோழியை வெட்டிவிட்டார்கள் என்பதற்காக அந்தக் குடும்பமே உடையும். நம் வீட்டுக் கல்யாணப் பந்திகளை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

● நாஜிப் படுகொலையில் இறந்தவர்களின் பெயர்களை ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் உறவினர்களிடம் படிவங்களாகப் பெற்றுச் சேர்க்கிறது. 2004இல் அந்தப் பட்டியல் இணையத்தில் ஏறியது. உயிரோடு இருக்கும் தங்கள் பாட்டியே இறந்ததாக அதில் பதிவாகியிருப்பதை ஒரு குடும்பத்துப் பேரன்கள் கண்டுபிடித்தார்கள். போரில் பிரிந்த அவருடைய அண்ணன் கொடுத்த படிவம் அது! தேடிப் போனதில், கனடாவில் இன்னொரு சகோதரர் உயிரோடு இருந்தார். 65 ஆண்டுக்குப் பின், 2006இல் பாட்டியும் அந்தச் சகோதரரும் சந்தித்தார்கள்.

● கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள், இறந்துபோன உறவினரின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபார்டி யூதர்கள் பலர் உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டியின் பெயரையே வைப்பார்கள்.

● மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் யூதர்கள் கல்யாணம் போன்ற நல்ல காரியங்களுக்கு 'மலிதா' படைப்பார்கள். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, கூடவே பழங்கள். நன்றி சொல்வது எலியா தீர்க்கதரிசிக்கு. இஸ்ரேலில் குடியேறிய பிறகும் இந்தத் தட்டு அவர்களை விட்டுப் போகவில்லை.

● கொச்சி மட்டாஞ்சேரியில், 1615இல் காலமான யூத ஞானி நெகேமியா மோத்தாவின் சமாதி இருக்கிறது. எல்லா மதத்தாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் தொழுகைக் கூடத்தின் மர வேலைப்பாடுகளை இன்று பார்க்க வேண்டுமானால் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

● துக்கத்துக்கு ஏழு நாள் போலவே கல்யாணத்துக்கும் ஏழு நாள் விருந்து உண்டு. தினமும் ஒரு வீட்டில் கூடி மணமக்களுக்காக ஏழு ஆசிகள் சொல்வார்கள். அதற்கும் பத்துப் பேர் வேண்டும். இன்னொரு விதியும் உண்டு: சனிக்கிழமை ஓய்வு நாள் தவிர மற்ற நாட்களில், கல்யாணத்துக்கு வராத ஒருவராவது புதிதாக வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு ஆசிகளையும் முழுதாகச் சொல்ல முடியாது. முகூர்த்தத்துக்கு வர முடியாத தூரத்துச் சித்திக்கு அந்த வாரம் எத்தனை கிராக்கி இருக்கும்!