வேகம் விளிம்பில் இருக்கிறது

பழைய கம்ப்யூட்டர் திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் பத்துப் பதினைந்து சதவீத வேலையோடு சும்மா கிடக்கும். டிஸ்க் என்ற பத்தி மட்டும் 100 சதவீதம் காட்டிச் சிவந்து நிற்கும். இவ்வளவு மூச்சு வாங்குகிறதே, எவ்வளவுதான் படிக்கிறது என்று பார்த்தால், பல நேரம் நொடிக்கு ஒரு எம்.பி.கூடத் தேறாது. வாங்கும்போது நொடிக்கு 150 எம்.பி. என்று சொல்லி விற்ற சரக்கு அது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. இரண்டு எண்ணுமே உண்மைதான்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஹெட்டைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அதற்கு 8, 9 மில்லி விநாடி ஆகும். ஆக, ஒரு தேடலுக்கு 13 மில்லி விநாடி. நொடிக்கு 75 தேடல். விண்டோஸ் எழுந்து வரும்போது கேட்பதோ தட்டெங்கும் சிதறிக் கிடக்கும் 4 கே.பி. துணுக்குகளை. 75-ஐ நாலால் பெருக்கினால் 300 கே.பி. அவ்வளவுதான் அதன் நொடிக் கணக்கு. இதே டிஸ்க், வரிசையாகப் பதிந்த சினிமா ஒன்றைப் படிக்கும்போது கை நகர வேலையில்லை. அப்போதுதான் அந்த 150 எம்.பி. வருகிறது.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். ஒரு தகவலை எடுக்க 600 மில்லி விநாடி பிடித்தது. அதற்குப் பின் கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது. சாதாரண டிஸ்க்கில் தேடும் நேரம் ஐம்பது மடங்குகூடக் குறையவில்லை. உலோகக் கையை ஆட்டி நிறுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு.

ஆகவே, ஹார்ட் டிஸ்க்கை வேகப்படுத்தச் சொல்லப்படும் வழி எதுவானாலும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: இது அந்தக் கையின் அலைச்சலைக் குறைக்கிறதா? ‘ஸ்பீட் பூஸ்டர்’ என்ற பெயரில் கிடைக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடும். டீஃபிராக் தேறும்; துண்டு துண்டாகக் கிடக்கும் கோப்பை அது ஓரிடத்தில் சேர்க்கிறது. ஆனால் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் இதைத் தானாகவே செய்துவருகிறது. நாம் தினமும் ஓட்டிப் புண்ணியமில்லை.

கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று உண்டு. அதன் பெயர் ஷார்ட் ஸ்ட்ரோக்கிங். தட்டின் வெளி விளிம்பில் சுற்றளவு அதிகம் என்பதால், அங்கே ஒரு தடத்தில் உள்தடத்தைவிட நிறைய செக்டர்களை, அதாவது தகவல் கட்டங்களை, பதிக்கிறார்கள். சுற்றும் வேகம் எங்கும் ஒன்றுதான். அதனால் விளிம்பில் ஒரு சுற்றில் கிடைக்கும் தகவல் உள்ளே கிடைப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிஸ்க்கின் எண் வரிசையும் வழக்கமாக விளிம்பிலிருந்தே தொடங்குகிறது. எனவே 500 ஜி.பி. டிஸ்க்கில் முதல் 100 ஜி.பி.யை மட்டும் பார்ட்டிஷன் போட்டு, மீதியைத் தொடாமல் விட்டால், கை விளிம்பை ஒட்டிய குறுகிய வளையத்துக்குள்ளேயே நடமாடும். தேடும் நேரம் கண்கூடாகக் குறையும். அரைச் சுற்றுக் காத்திருப்பு மட்டும் குறையாது. அது மோட்டாரின் கையில் இருக்கிறது.

சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. பரவுவதற்கு முன், பெரிய டேட்டாபேஸ் வைத்திருந்த நிறுவனங்கள் இதைத்தான் செய்தன. நிமிடத்துக்கு 15,000 முறை சுற்றும் டிஸ்க்குகளை அடுக்கடுக்காக வாங்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடத்தை மட்டும் பயன்படுத்தின. டிஸ்க் தயாரித்தவர்களே அந்த அதிவேக ரகங்களில் தட்டைச் சிறிதாக்கித்தான் கையின் தூரத்தைக் குறைத்தார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2008-ல் வெளியிட்ட வெலாசிராப்டர் என்ற ரகத்தில், மூன்றரை அங்குல உலோகச் சட்டத்துக்குள் இரண்டரை அங்குல டிஸ்க்தான் உட்கார்ந்திருந்தது. சட்டம் சூட்டைத் தணிக்க!

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. சி, டி, ஈ என்று மூன்று பார்ட்டிஷன் போடுகிறோம். விண்டோஸ் விளிம்பில், பாட்டும் படமும் உள்ளே. பிறகு சி-யிலிருந்து ஈ-க்கு ஒரு ஃபோல்டரை காப்பி செய்கிறோம். அந்தக் கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். ஒரே டிஸ்க்கில் இருக்கும் பார்ட்டிஷன்களுக்கு இடையே காப்பி செய்வது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இருந்தும் ஷார்ட் ஸ்ட்ரோக்கிங்கை இன்று வீட்டுக் கணினிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யில் ஒரு தேடலுக்கு 0.1 மில்லி விநாடி அளவே ஆகிறது. நகரும் கையே இல்லாத இடத்தில் கையின் தூரத்தைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்கள் பல வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. ஹார்ட் டிஸ்க் உள்ள அந்தப் பழைய மாடல்களுக்கு எஸ்.எஸ்.டி. மறுவாழ்வு தரும். ரேம் 2 ஜி.பி.தான் என்றால் அதையும் கூட்டுங்கள். ரேமில் இடம் போதாதபோது கணினி டிஸ்க்கைத்தான் நாடுகிறது.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடி மூடியைத் திறந்தால், தகரத் தாங்கியில் நான்கு சிறு ஸ்க்ரூக்களோடு டிஸ்க் இருக்கும். தூக்கி எடுக்கக் கூடாது. கனெக்டருக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்தினால் கழன்று வரும். பழைய டிஸ்க் பல 9.5 மில்லி மீட்டர் தடிமன், எஸ்.எஸ்.டி. 7 மில்லி மீட்டர். ஆடினால் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். கழற்றிய டிஸ்க்கை வீசிவிட வேண்டாம். டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தில் அதைப் பொருத்த ‘கேடி’ (caddy) என்ற தாங்கி கிடைக்கிறது. படங்களும் பாட்டும் அதில் இருக்கட்டும். அந்த வேலைக்கு அதன் வேகம் தாராளம்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கணினி திடீரென்று மந்தமானால், டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். பழுதான செக்டரை அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதும் வெளியே மந்தமாகத்தான் தெரியும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் உடல்நிலையைக் காட்டிவிடும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் டீஃபிராக், பார்ட்டிஷன் எதிலும் கை வைக்காதீர்கள். குடும்பப் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் அன்றைக்கே வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.