ஆடி மாதக் கேள்வி: கேமரா இப்போதா, தையிலா?

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்துவிடும். படம் எடுப்பவர்களின் கையில் நேரம் இருக்கும், ஆனி முகூர்த்தங்களில் வந்த பணமும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குத் தொலைபேசி வரும். இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தவன் என்பதால் கேட்கிறார்கள். இந்த முறை கேட்டது திண்டுக்கல் பக்கத்துத் தம்பி ஒருவர்.

"அண்ணே, புது கேமரா பாடி எடுக்கலாம்னு இருக்கேன். இப்பவே எடுத்துடவா, அடுத்த மாடல் வர்ற வரைக்கும் பொறுக்கவா? ஒரு கடையில முப்பதாயிரம் குறைச்சுத் தர்றாங்க. இன்னைக்கே சொல்லணுமாம்."

பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் தேடியது ஒரு சிறிய ஒட்டுச்சீட்டை. வெளிநாட்டிலிருந்து முறையாக வந்து இங்கே விற்பனையாகும் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்சச் சில்லறை விலை, புகார் சொல்வதற்கான எண் எல்லாம் இருந்தாக வேண்டும். எடையளவுச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தம்பி அனுப்பிய படத்தில் அது ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் பிசினின் தடம் மட்டும் இருந்தது. யாரோ கிழித்திருக்கிறார்கள். உள்ளே இருந்த வாரண்டி அட்டையோ வேறு நாட்டுக்கானது.

இதைத்தான் நம் தொழிலில் கிரே மார்க்கெட் சரக்கு என்கிறோம். கேமரா போலியல்ல, அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டதுதான். ஆனால் முறையான வழியில், இந்தியாவில் விற்பதற்காகக் கொண்டுவரப்பட்டதல்ல. பெரும்பாலும் அதற்கு இங்கே வாரண்டி கிடையாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் பில் இல்லாமல் ஒரு பாடி வாங்கினேன். காரைக்குடியில் ஒரு கல்யாணம். மேளம் உச்சத்துக்குப் போகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், என் திரையில் பிழை எண் ஒன்று வந்து நின்றது. ஷட்டர் அசையவில்லை. உதவிக்கு வந்த பையனிடம் இருந்த பழைய பாடியைப் பிடுங்கி எடுத்ததால் மூன்றாவது முடிச்சு மட்டும் கிடைத்தது. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவுக்கு வந்த கேமரா இல்லை சார்" என்றார்கள். பழுது பார்த்த செலவு நான் மிச்சம் பிடித்த தொகையை விட அதிகம். பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

தம்பி சொன்ன முப்பதாயிரத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரிக்கு முன் இரண்டு லட்சம் என்றால் வரி 36,000, மொத்தம் 2,36,000. பில் போடாத கடைக்காரர் முப்பதாயிரம் குறைக்கிறார் என்றால் அரசுக்குப் போக வேண்டிய வரியில் ஒரு பங்கைத்தான் நமக்குத் தருகிறார், தன் லாபத்திலிருந்து அல்ல. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டுடியோ, பில்லில் தன் பதிவு எண்ணைப் போட்டு வாங்கினால், அந்த 36,000-ஐயும் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில்லோடு வாங்குவதே அவர்களுக்கு மலிவு. (இதற்காகவே பதிவு செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அது கட்டாயமில்லை. பதிவு செய்தால் வாடிக்கையாளரிடம் வரி வாங்கிக் கட்ட வேண்டும், கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும்.)

இனி, பொறுப்பதா வாங்குவதா என்ற கேள்வி. கேனனின் ஆர் ஃபைவ் 2020 ஜூலையில் வந்தது, அதன் இரண்டாம் பதிப்பு 2024 ஜூலையில். ஆர் சிக்ஸ் 2020, 2022, 2025 என்று மூன்று முறை வந்துவிட்டது. சோனியின் ஏ செவன் த்ரீ 2018-லும் ஃபோர் 2021-லும் ஃபைவ் 2025 டிசம்பரிலும் வந்தன. ஆக, இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதியது வருகிறது. நாம் வாங்க நினைக்கும் மாடலுக்கு மூன்று வயதாகிவிட்டதென்றால் அடுத்தது பக்கத்தில் இருக்கிறது, வந்ததும் பழையதன் விலை இறங்கும். அப்போது பொறுப்பதில் பொருள் உண்டு. போன மாதம்தான் அறிமுகமானது என்றாலும் பொறுங்கள், ஆனால் காரணம் வேறு.

நிக்கான் டி 600 என்ற கேமரா 2012 செப்டம்பரில் வந்தது. முழு அளவு சென்சார், எட்டக்கூடிய விலை. வாங்கியவர்கள் பலருக்கும் படத்தின் மூலையில் தூசும் எண்ணெய்ப் புள்ளிகளும் விழுந்தன. சுத்தம் செய்தாலும் திரும்ப வந்தன. ஒரே வருடத்தில், 2013 அக்டோபரில், டி 610 என்று அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். முதலில் வாங்கியவர்கள் கையில் மறுவிற்பனை விலை விழுந்துபோன கேமரா. 2014 பிப்ரவரியில்தான், வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சோதித்துச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த மாதம் சீனாவில் அந்த மாடலின் விற்பனையையே அதிகாரிகள் நிறுத்தச் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வாங்குவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வரி குறையும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஒருமுறை அது நடந்தது. டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரி 1 முதல் 18 ஆனது. முந்தைய மாதம் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். ஆனால் அது எப்போதோ வரும் மழை. அதை நம்பி முகூர்த்தத்தை விட முடியாது.

தம்பியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆவணி முதல் தை வரை எத்தனை தேதிக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாய்? பன்னிரண்டு என்றார். அதில் இப்போதைய கேமராவால் எடுக்க முடியாதது எத்தனை? யோசித்துவிட்டு, இருட்டான மண்டபத்தில் இரவு வரவேற்பு மூன்று என்றார். மூன்று இரவுக்கு நாள் வாடகையில் நல்ல பாடி கிடைக்கும். ஒரு மாதத் தவணைத் தொகையில் எத்தனை நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்று உங்கள் ஊர் விலையை வைத்து வகுத்துப் பாருங்கள். வாடகை நாட்கள் அதைத் தாண்டும் மாதம் தொடர்ந்து வந்தால் வாங்குங்கள்.

இரண்டாவது பாடி இல்லாதவர் புதியதை வாங்கிவிட்டுப் பழையதை விற்பது எனக்குச் சம்மதமில்லை. காரைக்குடியில் என்னைக் காப்பாற்றியது பழைய பாடிதான். அது பண விஷயம் மட்டுமல்ல. கல்யாண வீட்டார் நமக்குப் பணம் கொடுத்த நுகர்வோர். கருவி பழுதாகிப் படம் போனால் சேவைக் குறைபாடு என்று அவர்கள் நம் மீது வழக்குப் போட முடியும். மாற்று ஏற்பாடு வைத்திருந்தீர்களா என்ற கேள்வி அப்போது வரும்.

நாம் வாங்கும் கேமராவுக்கு அதே நுகர்வோர் சட்டம் நமக்கும் பாதுகாப்புத் தருமா? பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று கடையில் சொன்னால் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் அல்லர் என்று ஒதுக்குவது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று எழுதியிருக்கிறது. கோவையின் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துக்கு எதிராக லக்ஷ்மி எஞ்சினியரிங் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. வாங்கி முழுக்க வேறொருவர் கையில் கொடுத்து ஓட்டச் சொல்பவருக்கு அது பொருந்தாது. அந்த வழக்கைத் தொடுத்த நிறுவனம் தோற்றது, ஆனால் அது வகுத்த அளவுகோல் நமக்கு உதவுகிறது. தானே தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பவர், கூட ஒரு லைட் பையனும் உதவியாளரும் இருந்தாலும், நுகர்வோர்தான். பத்து கேமரா வாங்கிச் சம்பளத்துக்கு ஆள் வைத்து அனுப்பும் ஸ்டுடியோ முதலாளிக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

புகார் மனுவில் "என் குடும்பப் பிழைப்புக்காக நானே இயக்கும் கருவி" என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வாதாடும்.

பில் தர மறுப்பதையே இந்தச் சட்டம் முறையற்ற வணிகச் செயல் என்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற செயல்தான். பில்லில் கால அளவு எதுவும் இல்லையென்றால் அதற்கு 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. இணையத்தில் வாங்கினால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியை உடைக்கும்போது சீட்டு, முத்திரை, சீரியல் எண் மூன்றும் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

தவணை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "வட்டியில்லாத் தவணை" என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று முதலில் கேளுங்கள். தவணைக்கு அது இல்லையென்றால் அந்தத் தள்ளுபடிதான் உங்கள் வட்டி. ஆண்டு வட்டி, செயலாக்கக் கட்டணம் எல்லாம் சேர்த்த முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருபவர் கையெழுத்துக்கு முன் தர வேண்டும். வங்கியோ நிதி நிறுவனமோ புகாருக்கு 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விவரம் கேட்க 14448.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ஷட்டர் கவுண்ட் கேட்கிறார்கள், நல்லது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம், வருடம் நாற்பது கல்யாணம் என்றால் 1,20,000. கேனன் 5டி மார்க் ஃபோரின் ஷட்டருக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 1,50,000. "ஒரு வருஷம்தான் ஆச்சு" என்பதற்கு இந்தக் கணக்கில் என்ன பொருள் என்று பாருங்கள். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாமல் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படங்கள் அந்த எண்ணிக்கையில் வராமல் போகலாம். அதனால் லென்ஸ் மாட்டும் வளையத்தின் தேய்மானத்தையும் ஃபிளாஷ் செருகும் இடத்தின் கீறலையும் பாருங்கள். வாடகைக்கு எடுத்த கேமராவை அடகு வைத்து ஓடுபவர்களும், அதை விற்பவர்களும் இருக்கிறார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் வாங்கியவர் மீதும் வழக்கு வரும். விற்பவரின் அசல் பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்காத பொருளுக்கு முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

கேமரா கெட்டுப்போய், கடையும் நிறுவனமும் கைவிரித்தால்? முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் விரைவுத் தபாலில் ஒரு கடிதம், பதினைந்து நாள் அவகாசம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கருவியைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம், இல்லாவிட்டால் 3 மாதம் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டும், மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். பில் இல்லாமல் வாங்கிவிட்டவர்களும் ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். யூபிஐ பரிமாற்றம், கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தி, பெட்டியின் படம் எல்லாம் சான்றுதான். பில்லளவு பலம் இருக்காது, அவ்வளவே.

தம்பி அந்தக் கடைக்குப் போகவில்லை. அந்த மூன்று இரவுக்கும் திண்டுக்கல்லிலேயே வாடகைக்குச் சொல்லிவிட்டார். கேமராவைக் கையில் வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் ஐந்து படம் எடுத்துப் பார், பாடியின் கீறல்களைப் படமெடு, சீரியல் எண்ணை வாடகைச் சீட்டில் எழுதி வாங்கு என்று சொன்னேன். "தையில பில்லோட எடுக்கும்போது கூட வர்றீங்களாண்ணே?" என்று கேட்டார். வருகிறேன் என்றிருக்கிறேன்.